மசாய் மாராவிலிருந்து இங்கோரோங்கோரோ வரை: குழுவாகக் கூடாரப் பயணம் போக முழுமையான வழிகாட்டி

தான்சானியாவில் செரெங்கெட்டி தேசியப் பூங்காவின் நடுவில் செரொனேரா என்று ஓர் இடம். அங்கே ஒரு கரையான் புற்றின் மேல் சிவிங்கிப்புலி (சீட்டா) ஒன்று உட்கார்ந்திருந்தது. முதல் பத்து நிமிடம் ஆறு பேரும் மாற்றி மாற்றிப் படம் எடுத்தோம். அப்புறம் அது கொட்டாவி விட்டுவிட்டுச் சும்மா இருந்தது. "கிளம்பலாமே, இன்னும் சிங்கமே பார்க்கலையே" என்றார் பின்சீட்டில் இருந்த ஒருவர். புறப்படும் முன்பே ஒரு விதி பேசி வைத்திருந்தோம்: ஒருவர் "இருக்கலாம்" என்றாலும் அரை மணி நேரம் எல்லோரும் இருக்க வேண்டும். இருந்தோம். இருபது நிமிடம் கழித்து அது புற்றிலிருந்து இறங்கிப் புல்லுக்குள் தலை தாழ்த்தி நடந்தது, திடீரென்று பாய்ந்தது, சிறுமான் ஒன்றைத் துரத்தித் தவறவிட்டது. திரும்பி வந்து எங்கள் வண்டியின் நிழலில் படுத்தது. அதன் விலா ஏறி இறங்குவதைப் பார்த்தோம், மூச்சிரைப்புக் கேட்டது. வண்டிக்குள் யாரும் பேசவில்லை.

அந்த விதி இல்லாவிட்டால் நாங்கள் கிளம்பிப் போயிருப்போம். எங்கே போவது, எந்த மாதம் போவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். யாரோடு, என்ன பேசி வைத்துக்கொண்டு போவது என்பதுதான் என்னைக் கேட்டால் முதல் கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் குழு

சஃபாரிக்குப் பயன்படும் நீட்டிய லேண்ட் குரூசரில் கூரையைத் தூக்கி நின்றுகொண்டு பார்க்கலாம். ஏழு பேர்வரை ஏற்றுவார்கள். ஆறு பேரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஆறு என்றால் எல்லோருக்கும் ஜன்னல் உண்டு, கூரையில் முழங்கை ஊன்ற இடம் உண்டு. பன்னிரண்டு பேர் சேர்ந்தால் இரண்டு வண்டி எடுங்கள். இருபது பேர் ஒரே லாரியில் போகும் பயணங்களும் உண்டு. இளைஞர்களுக்கு அது மலிவு, கலகலப்பு. ஆனால் காட்டுக்குள் அத்தனை பேரையும் அமைதியாக வைத்திருப்பது கடினம்.

கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு எல்லோரும் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். காலை ஐந்தரைக்கு எழ முடியுமா? குறட்டை விடுபவர் யாரோடு கூடாரத்தைப் பகிர்வது? பறவை பார்க்க நிற்பதில் யாருக்கு ஆர்வம்? சைவம் யார்? பொதுப் பணத்தை யார் கையில் வைப்பது? அரை மணி நேர விதியை அப்போதே சொல்லி ஒப்புக்கொள்ளுங்கள். இருக்கையைத் தினமும் சுற்றில் மாற்றுவது இன்னொரு நல்ல விதி. இல்லையென்றால் முன்சீட்டு ஒருவருக்கே சொந்தமாகி, மூன்றாம் நாள் மனக்கசப்பில் முடியும். கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். அங்கே போய்ப் பேசுவதைவிட ஊரில் பேசுவது எளிது.

எந்த மாதம்

ஏறக்குறைய 13 லட்சம் வில்டபீஸ்ட் என்ற மாடு போன்ற மான்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் வரிக்குதிரைகளும் ஆண்டு முழுக்க மழையையும் புதுப்புல்லையும் தேடிச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. இந்தச் சுற்றுக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை அவை செரெங்கெட்டியின் தெற்கே, இந்துத்து ஏரிப் பக்கத்துச் சமவெளியில் இருக்கும். பிப்ரவரியில் பெரும்பாலான கன்றுகள் சில வாரங்களுக்குள் பிறந்துவிடும். பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கும், ஏனென்றால் கழுதைப்புலிகள் பக்கத்திலேயே காத்திருக்கும். மே, ஜூனில் மந்தை மேற்கே குருமெட்டி ஆற்றை நோக்கி நகரும். ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். நவம்பரில் மழை தொடங்கியதும் தெற்கே திரும்பும்.

ஆறு கடக்கும் காட்சியைப் பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அதற்கு நேரம் குறித்துக் கொடுக்க யாராலும் முடியாது. ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்து நிற்கும், ஒன்று தண்ணீரில் கால் வைக்கும், பிறகு எல்லாம் மிரண்டு திரும்பி ஓடும். ஒரு நாள் முழுக்கக் கரையில் காத்திருந்து வெறும் கையோடு வந்தவர்கள் நிறைய. பொறுமையும் குறைந்தது மூன்று நாள் அவகாசமும் இருந்தால் மட்டும் அதற்காகப் போங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன். கூட்டம் குறைவு, கன்றுகளைச் சுற்றி வேட்டை விலங்குகள் கூடியிருக்கும், கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் கட்டணமும் பாதி.

மார்ச் கடைசி முதல் மே வரை பெருமழை. செரெங்கெட்டியின் கரிசல் மண் நம் ஊர்க் கரிசலைப் போலவே நனைந்தால் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். கூடாரப் பயணத்துக்கு அந்த மாதங்கள் வேண்டாம்.

பாதை

வரைபடத்தைப் பார்த்தால் மாராவும் செரெங்கெட்டியும் ஒரே காடு, நடுவில் கென்யா-தான்சானியா எல்லை என்று ஒரு கோடு. விலங்குகள் அந்தக் கோட்டைத் தாண்டிப் போகின்றன, சுற்றுலா வண்டிகள் போக முடியாது. மேற்கே இசெபானியா எல்லைச் சாவடி வழியாகவோ, கிழக்கே நைரோபிக்குத் திரும்பி நமங்கா வழியாகவோ சுற்றித்தான் போக வேண்டும். பெரும்பாலான பயணங்களில் எல்லையில் வண்டியும் ஓட்டுநரும் மாறுவார்கள். இதைப் பலர் எல்லைக்குப் போன பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் குழு போன பாதையில் இன்று கொஞ்சம் திருத்தி நான் பரிந்துரைப்பது இது: நைரோபியில் ஓர் இரவு, மாராவில் மூன்று. இசெபானியா தாண்டி விக்டோரியா ஏரிக்கரையில் ஓர் இரவு. அங்கிருந்து இந்தபாகா வாயில் வழியாகச் செரெங்கெட்டியின் மேற்குப் பகுதிக்குள் நுழைந்து செரொனேராவில் மூன்று இரவு. அப்புறம் நாபி குன்று வாயில் வழியாக வெளியேறி இங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தின் விளிம்பில் ஓர் இரவு, தரங்கிரே பூங்காவில் ஓர் இரவு, அருஷா நகரில் முடிவு. மொத்தம் பதினொரு நாள். அருஷாவிலிருந்து நைரோபிக்குத் திரும்பாமல் கிளிமஞ்சாரோ விமான நிலையத்திலிருந்தே ஊருக்குப் பறந்தால் கென்யாவுக்குள் மறுபடி நுழையும் சிக்கல் இல்லை.

ஏழு நாளில் ஆறு பூங்கா என்று விளம்பரம் செய்யும் பயணங்களை எடுக்காதீர்கள். அதில் பாதிப் பொழுது தார்ச்சாலையில் போய்விடும். நாள் குறைவு என்றால் ஒரு நாட்டோடு நிறுத்துங்கள்.

செலவு, நிறுவனம்

ஆறு பேர் வண்டி, கூடாரம், சமையல்காரர், பூங்காக் கட்டணம் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 டாலர் வரை ஆகும், விமானக் கட்டணம் தனி. பெரும்பங்கு பூங்காக்களுக்கே போகிறது. மசாய் மாராவில் வெளிநாட்டவருக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200. செரெங்கெட்டியில் சுமார் 70 டாலர், அதன் மேல் 18 சதவீத வரி. கூடாரம் போட இரவுக்குத் தனிக் கட்டணம். இங்கோரோங்கோரோவின் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்குச் சுமார் 250 டாலரும் வரியும். இதைப் பங்கு போடுவதற்காகவே ஆறு பேர் கொண்ட குழு லாபம். கட்டணங்கள் அடிக்கடி மாறுகின்றன. பதிவு செய்யும் வாரத்தில் பூங்காக்களின் அதிகாரப்பூர்வப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், யாராவது 120 டாலரில் எல்லாம் முடித்துத் தருகிறேன் என்றால் எங்கே வெட்டுகிறார் என்று புரிந்துவிடும். ஓட்டுநர் கூலியில், டயரில், சாப்பாட்டில். கென்யாவில் காட்டோ, தான்சானியாவில் டாட்டோ என்ற பயண நிறுவனச் சங்கங்கள் உண்டு. அவற்றில் உறுப்பினரா என்று பாருங்கள். கென்யாவின் தொழில்முறை வழிகாட்டிகள் சங்கம் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று தேர்வு வைத்துத் தரம் கொடுக்கிறது. வெள்ளித் தரத்தவரைக் கேட்டு வாங்குங்கள். நல்ல வழிகாட்டிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு நல்ல கூடாரத்துக்குக் கொடுப்பதைவிடப் பலன் தரும்.

ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: வண்டி ஓட்டும் தூரத்துக்கு வரம்பு உண்டா? எங்கள் பயணத்தில் ஒரு நிறுவனம் டீசல் கணக்குக் காட்டி மாலைச் சுற்றைச் சுருக்கப் பார்த்தது. ஒப்பந்தத்தில் "வரம்பில்லாமல்" என்று எழுதியிருந்ததைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

அனுமதி, ஊசி, மருந்து

கென்யாவுக்கு 2024 ஜனவரியிலிருந்து விசா முறை இல்லை. அதற்குப் பதில் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதி. தான்சானியாவுக்கு இந்தியர்கள் இணையத்தில் விசா எடுக்கலாம், 50 டாலர். இரண்டையும் அரசுத் தளங்களிலேயே செய்யுங்கள். அதே மாதிரித் தோற்றத்தில் இரட்டைக் காசு வாங்கும் தளங்கள் நிறைய இருக்கின்றன. கென்யா, உகாண்டா, ருவாண்டா மூன்றுக்கும் பொதுவாக ஒரு கிழக்கு ஆப்பிரிக்க விசா உண்டு. அது தான்சானியாவுக்குச் செல்லாது.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் அலட்சியம் கூடாது. கென்யா போய் வந்தவர்கள் அந்தச் சான்றிதழ் இல்லாமல் இந்தியாவில் இறங்கினால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்துவார்கள். கென்யாவிலிருந்து நுழைபவர்களிடம் தான்சானியாவும் கேட்கும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பு போட வேண்டும், ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அங்கீகாரம் பெற்ற மையங்களில் மட்டும்தான் போடுவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் அதில் ஒன்று. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் அறுபது வயதைத் தாண்டியவர்களும் முதலில் மருத்துவரிடம் பேசட்டும்.

மலேரியாவுக்குத் தடுப்பூசியை நம்பிப் பயணம் போவதில்லை, மாத்திரைதான். டாக்சிசைக்ளின் என்றால் ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் சாப்பிட வேண்டும், அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள். எது உங்களுக்கு ஒத்துப்போகும் என்று மருத்துவர் சொல்லட்டும். பயணக் காப்பீட்டில் விமானத்தில் தூக்கிச் செல்லும் செலவும் அடங்குமா என்று பாருங்கள். செரெங்கெட்டியின் நடுவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குச் சாலை வழியாகப் போக ஒரு நாளின் பெரும்பகுதி ஆகிவிடும்.

பையில் என்ன

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். வண்டிக்குள் அமுக்கித் திணிக்கும்படி மென்மையான பை, பதினைந்து கிலோவுக்குள். வெப்பமண்டலம் என்று நினைத்துப் பருத்திச் சட்டை மட்டும் கட்டாதீர்கள். இங்கோரோங்கோரோ விளிம்பு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,300 மீட்டர் உயரம், அதாவது ஊட்டிதான். ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், கம்பளிக் காலுறை கட்டாயம்.

நீல நிறமும் கறுப்பும் வேண்டாம். செட்சி ஈக்களை அந்த இரண்டு நிறமும் இழுக்கும். மேற்குச் செரெங்கெட்டியிலும் தரங்கிரேயிலும் மரங்களில் நீலக்கறுப்புத் துணிகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள். ஈயைப் பிடிக்க மருந்து தடவி வைத்த பொறி அது. அதே நிறத்தில் சட்டை போட்டால் நாமே பொறி. அந்த ஈயின் கடி துணியைத் தாண்டி இறங்கும். ராணுவ உடை போன்ற திட்டுப்பச்சைத் துணியும் வேண்டாம், சோதனைச் சாவடியில் வம்பு.

பிளாஸ்டிக் பைக்குக் கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் தடை. செருப்பையும் அழுக்குத் துணியையும் கேரி பேக்கில் சுற்றும் பழக்கம் நம்மிடம் அதிகம், எல்லோரும் ஒரு முறை பையைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். துணிப்பை போதும்.

நெற்றி விளக்கு, ஆளுக்கொரு பைனாகுலர், மூன்று சதுர முள் கொண்ட பிளக்குக்கு அடாப்டர். பைனாகுலரைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், சிறுத்தை உங்கள் முறை வரும்வரை கிளையில் காத்திருக்காது. பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் காலித் துணிப்பை ஒன்றைக் கொண்டுபோய், அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக் கூரை விளிம்பில் வைத்துக்கொள்ளலாம். கடைசி நாள் அதைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். டாலர் நோட்டு 2009க்குப் பிறகு அச்சானதாக, கிழியாமல் கிறுக்காமல் இருக்கட்டும். பழையதை வாங்க மாட்டார்கள்.

சாப்பாடு

கூடாரச் சமையல்காரர்கள் கரி அடுப்பிலும் கேஸிலும் செய்யும் வேலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். காலையில் முட்டை, பழம், ரொட்டி. மதியம் பெரும்பாலும் காட்டுக்குள் டப்பாச் சாப்பாடு. இரவில் சூப்பும் சூடான சோறும். சப்பாத்தியை அங்கேயும் சப்பாத்தி என்றே சொல்கிறார்கள், டீ 'சாய்', சமோசா 'சம்பூசா'. இந்தியப் பெருங்கடல் வணிகம் விட்டுப்போன சொற்கள் இவை. சோளமாவுக் களியான உகாலியை ஒரு நாளாவது கையால் உருட்டிக் கீரையோடு சாப்பிட்டுப் பாருங்கள், கம்பங்களி தின்று வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

சைவர்கள் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்து, முதல் நாள் சமையல்காரரிடம் நேரிலும் சொல்லுங்கள். "சிலி ன்யாமா" என்றால் இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று அர்த்தம். சூப்பில் எலும்புச் சாறு சேர்க்க வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, ஊறுகாய் இருந்தால் ஆறாம் நாள் குழு முழுவதும் உங்களைச் சுற்றி உட்காரும். அவற்றைக் கூடாரத்துக்குள் மட்டும் வைக்காதீர்கள். வாசனைக்குக் குரங்கும் பபூனும் வரும், இரவில் வேறு விருந்தாளிகளும் வரலாம். சமையற்கட்டுக்குக் கம்பிவலை அடித்திருப்பது அதற்காகத்தான்.

காட்டுக்குள் வண்டியில்

நேரத்தைப் பற்றி ஒன்று. சுவாஹிலியில் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். காலை 7 மணி அவர்களுக்கு 'சா மோஜா', அதாவது ஒரு மணி. சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நமக்கு இது உடனே பிடிபடும். ஆனாலும் ஓட்டுநரிடம் நேரம் பேசும்போது எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பகலில் விலங்குகள் அதிகம் நடமாடுவது விடிந்து மூன்று மணி நேரமும் மாலை இரண்டு மணி நேரமும்தான். ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது வண்டியில் இருங்கள். செரெங்கெட்டி அனுமதி நுழைந்த நேரத்திலிருந்து 24 மணிக்கணக்கு. வெளியேறும் நாளில் காலை உணவுக்குத் தாமதித்தால் இன்னொரு நாள் கட்டணம் விழும். ஓட்டுநர் அவசரப்படுத்துவது அதனால்தான்.

சிங்கத்துக்குக் கிட்டே போகச் சாலையை விட்டு இறங்கு என்று ஓட்டுநருக்குக் காசு நீட்டாதீர்கள். பிடிபட்டால் அபராதம் ஒருபுறம், அவருடைய பிழைப்பே போகும். மாராவில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது என்பது விதி. அது மீறப்படும் இடத்தில் நாம் விலகிவிடுவது நல்லது. சிவிங்கிப்புலிக்குப் பெரும்பாலும் பகலில்தான் வேட்டை. வண்டிகள் சூழ்ந்தால் அது பட்டினி.

சிவிங்கிப்புலியையும் சிறுத்தையையும் நம் செய்தித்தாள்கள் அடிக்கடி குழப்பும். கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கண்ணீர்க் கோடு இருந்தால் சிவிங்கிப்புலி, அதற்கு வெட்டவெளி. உடம்பில் பூப்போன்ற புள்ளியோடு மரக்கிளையில் கால் தொங்கப் படுத்திருந்தால் சிறுத்தை. யானையில் இங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு, பார்த்தவுடன் கொம்பன் என்று சொல்லிவிடாதீர்கள். சிம்பா சிங்கம், தெம்போ யானை, டுமா சிவிங்கிப்புலி, சுயி சிறுத்தை, ஃபிசி கழுதைப்புலி, ட்விகா ஒட்டகச்சிவிங்கி. இந்த ஆறும் தெரிந்தால் ஓட்டுநர்கள் வானொலியில் பேசுவது பாதி புரியும்.

இயற்கை உபாதைக்கு நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். "குச்சிம்பா டாவா" என்றால் போதும். நேர்ப்பொருள் மருந்து தோண்டுதல். ஓட்டுநர் இடம் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் பார்த்து, வண்டியின் பின்னால் போகச் சொல்வார். புதர்ப்பக்கம் ஒருபோதும் போகாதீர்கள். இந்தக் கூச்சத்தால் தண்ணீர் குடிக்காமல் இருந்து, எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு நான்காம் நாள் சிறுநீர்க் கடுப்பும் காய்ச்சலும் வந்துவிட்டது.

இங்கோரோங்கோரோ பள்ளம் 260 சதுர கிலோமீட்டர், சுவர் ஏறக்குறைய 600 மீட்டர் ஆழம். கறுப்புக் காண்டாமிருகம் பார்க்க நல்ல வாய்ப்புள்ள இடம். ஒட்டகச்சிவிங்கி மட்டும் அதற்குள் இல்லை, அந்தச் சரிவில் அதனால் இறங்க முடியாது என்பார்கள். மேலே மசாய் மக்கள் மாடு மேய்க்கிறார்கள். 1959இல் செரெங்கெட்டிப் பூங்காவிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுக்கு இந்த நிலம் தரப்பட்டது. அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஊருக்குள் போவதாக இருந்தால் கட்டணத்தை முன்பே பேசுங்கள், அது யார் கைக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.

கூடாரத்தில் இரவு

செரொனேராவின் பொதுக் கூடாரத் தளங்களுக்கு வேலி கிடையாது. முதல் இரவு யாருக்கும் தூக்கம் வராது. கழுதைப்புலியின் "ஊ...உப்" என்ற குரல் தூரத்திலிருந்து தொடங்கிப் பக்கத்தில் வந்து முடியும். சிங்கத்தின் கர்ஜனை காதில் கேட்பதற்கு முன் தரையில் தெரிவதுபோல் இருக்கும். கூடாரத்தை விலங்குகள் பாறை மாதிரிதான் பார்க்கின்றன. ஜிப்பை முழுக்க மூடுங்கள். செருப்பை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வைத்தால் கழுதைப்புலி எடுத்துப் போகும். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் விளக்கைச் சுற்றி அடியுங்கள். கண்கள் மின்னினால் வெளியே வராதீர்கள். தனியாகவும் போகாதீர்கள், கூடாரத் துணையை எழுப்புங்கள். அதற்குத் திட்டாத ஆளோடு கூடாரம் பகிருங்கள், யாரோடு போவது என்று தொடக்கத்தில் நான் கேட்டது இதற்கும் சேர்த்துத்தான்.

இங்கோரோங்கோரோவின் சிம்பா தளத்தில் ஒரு மாலை, தண்ணீர்த் தொட்டி இருக்கும் இடத்துக்கு ஆண் யானை ஒன்று வந்தது. நூறு பேர் பாத்திரம் கழுவிக்கொண்டும் பல் தேய்த்துக்கொண்டும் இருந்த இடம். எல்லோரும் சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தார்கள். அது துதிக்கையைத் தொட்டிக்குள் விட்டுப் பத்து நிமிடம் நிதானமாகக் குடித்தது. துதிக்கை நுனியிலிருந்து சொட்டிய தண்ணீர் சிமெண்ட் தரையில் விழும் சத்தம்கூடக் கேட்டது. காவலர் சொன்னது ஒன்றுதான்: ஓடாதீர்கள், பிளாஷ் போடாதீர்கள்.

கடைசி நாள், அப்புறம் ஊர்

வழிகாட்டிக்கு வண்டிக்கு நாளொன்றுக்கு 20 டாலர் அளவிலும் சமையல்காரருக்கு அதைவிடச் சற்றுக் குறைவாகவும் குழுவாகச் சேர்த்து உறையில் வைத்துத் தனித்தனியாகக் கொடுப்பது வழக்கம். பொதுப் பணத்தில் இதை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள். எல்லோர் பெயரையும் எழுதி "அசாந்தே சனா" என்று ஒரு வரி போட்டுக் கொடுங்கள், மிக்க நன்றி என்று பொருள்.

ஊருக்கு வந்த பிறகு மாத்திரையைக் கணக்கு முடியும்வரை நிறுத்தாதீர்கள். மலேரியா சில வாரம், சில மாதம் கழித்தும் வரலாம். காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போய், ஆப்பிரிக்கா போய் வந்தேன் என்பதை அவர் கேட்கும் முன் முதலில் சொல்லுங்கள். குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.